கோபுரமும் குட்டிச்சுவரும்

ஊர் காணச் செல்வோர் இரு வகையினர். நிமிர்ந்து நிற்கும் கட்டடங்களைக் கண்டு வியந்து மீள்வோர் ஒரு வகையினர். அவற்றைச் சூழ்ந்து சரிந்து கிடக்கும் சிதைவுகளையும் தேடிச் சென்று காண்போர் மற்றொரு வகையினர். முன்னவரே மிகப் பலர். பின்னவர் சிலரேயாயினும், ஊரை உள்ளவாறு அறிந்து மீள்பவர் அவரே என்பது எமது துணிபு. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று எனக் கண்டு சிந்திக்குமாறு திருமறை மாந்தரைப் பன்முறை அழைக்கிறது. அவ்வழைப்பு மாளிகைகளை வியப்பதற்கன்று. மாளிகைகள் என்னவாயின என்பதை எண்ணிப் பார்ப்பதற்கே.

இக்கருத்தை விளக்குதற்கு இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சாலிஸ்பரி என்னும் பழம்பெரும் பேராலய நகரை எடுத்துக்கொள்கிறோம். அந்நகரை நாடிச் செல்வோரின் கண்கள் முதற்கண் மேல்நோக்கியே உயர்கின்றன. 123 மீட்டர் உயரமுள்ள அதன் பேராலயக் கூர்ங்கோபுரம் பிரிட்டனிலேயே மிக உயர்ந்தது. 1220இல் அடிக்கல் நாட்டப்பெற்று, முப்பத்தெட்டே ஆண்டுகளில் அதன் முதன்மைப் பகுதி முற்றுப்பெற்றது. முகவட்டும் முள்ளும் இன்றி மணியோசையால் மட்டுமே பொழுதறிவிக்கும் கடிகாரம் ஒன்று அதனுள் உள்ளது. 1386ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டதெனக் கொள்ளப்படும் அது, உலகின் மிகப் பழைய கடிகாரங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1215ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயமாகிய மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு மூலப்படிகளுள் ஒன்றும் அங்கேதான் காக்கப்படுகிறது. இவை யாவும் காணத்தக்கனவே, ஐயமில்லை. ஆயினும் இவற்றை மட்டும் கண்டு திரும்புபவர், அந்நகர் தன்னைப்பற்றிச் சொல்ல விரும்பியதை மட்டுமே கேட்டவராவார். சொல்ல விரும்பாததையும் கேட்க வேண்டுமாயின், வடக்கே மூன்று கிலோமீட்டர் நடந்து ஒரு மேட்டின்மீது ஏற வேண்டும்.

அம்மேட்டின் பெயர் பழைய சாரம். கிறித்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மண்ணரண்கள் எழுப்பப்பட்ட கோட்டை அது. உரோமானியர் சாலைகள் அவ்விடத்தே கூடின. 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் அங்கே கோட்டை கட்டினார். 1086இல் நாட்டின் நிலவுடைமையாளர்களை அங்கே வரவழைத்துத் தமக்கே விசுவாசமாயிருப்பதாக உறுதிமொழி பெற்றார். கோட்டைக்கு அருகே எழுந்த பேராலயம் 1092இல் அர்ப்பணிக்கப்பட்டது; சில நாள்களுக்குள்ளாகவே புயலொன்று அதனைச் சிதைத்தது. பின்னர் அது பெரிதாக விரித்துக் கட்டப்பட்டது. இரண்டாம் ஹென்றி மன்னர், தம்மை எதிர்த்த மைந்தர்க்குத் துணைநின்றார் என்று தம் அரசி எலியனோரைச் சிறைப்படுத்தியபோது, அவ்வம்மையார் தம் நெடிய சிறைவாழ்வின் ஒரு பகுதியை அம்மேட்டிலேயே கழித்தார்.

இத்துணைப் பெருமை வாய்ந்த நகர் ஏன் பாழாயிற்று? பகைவர் படையெடுப்பால் அன்று, நிலநடுக்கத்தாலும் அன்று. மேட்டில் தண்ணீர் அரிது, காற்று கொடிது. அனைத்திற்கும் மேலாக, ஒரே மதிலுக்குள் வாழ்ந்த கோட்டைக் காவலருக்கும் ஆலயத்தாருக்கும் ஒத்துவரவில்லை. முடிவில் ஆயர் ரிச்சர்டு பூர், போப்பாண்டவரின் இசைவு பெற்று, கீழேயுள்ள ஆற்றோரப் பசும்புல்வெளிக்குப் பேராலயத்தை மாற்றினார். மக்களும் அவர்பின் இறங்கினர். பதினான்காம் நூற்றாண்டில் மன்னரின் இசைவோடு பழைய பேராலயத்தின் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதிய பேராலயத்தின் சுற்றுமதிலுக்கு வந்து சேர்ந்தன. பழைய சிற்ப வேலைப்பாடுகள் கொண்ட கற்கள் அம்மதிலில் இன்றும் ஆங்காங்கே தென்படுகின்றன. ஆகவே கோபுரமும் குட்டிச்சுவரும் இரு வேறு கதைகள் அல்ல. ஒன்றின் எலும்பை எடுத்தே மற்றொன்றுக்கு வேலி கட்டப்பட்டது. மேட்டை அறியாதவர் கோபுரத்தையும் பாதியே அறிந்தவராவார்.

"இடிந்த கல்லில் என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உளர். பழைய சாரம் தரும் விடை, கல்லைக் கடந்தது. மக்கள் நீங்கினர், ஆலயம் நீங்கியது, கோட்டையும் வீழ்ந்தது. ஆனால் நாடாளுமன்ற உரிமை மட்டும் அங்கிருந்து நீங்கவில்லை! ஆளற்ற அம்மேடு, 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தின் நாடாளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாக்குரிமை மனிதர்க்கன்றிக் குறிப்பிட்ட சில மனைத்துண்டுகளுக்கே உரியதாயிருந்தமையின், அம்மனைகளை விலைக்கு வாங்கியவர் தொகுதியையும் வாங்கியவரானார். வயல்வெளியில் ஒரு மரத்தடியே தேர்தல் மன்றமாயிற்று. 1831இல் அத்தொகுதியின் வாக்காளர் பதினொருவர். அவருள் ஒருவரேனும் அங்கு வாழ்ந்தவரல்லர். அதே காலத்தில், இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் உழைத்து வாழ்ந்த மான்செஸ்டர் நகருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. மாக்னா கார்ட்டாவைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றும் நகரின் கண்ணெதிரே, மக்களாட்சியின் பெயரால் இத்தகைய கேலிக்கூத்து நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. பேழையிலுள்ள பட்டயம் இதனைச் சொல்லாது. புல் மூடிய மேடு சொல்லும்.

மற்றொரு சாராரின் மறுப்பும் உண்டு. "அது நம்மை ஆண்டவரின் ஊர், அங்குள்ள இடிபாடு நமக்கு எதற்கு?" என்பர் அவர். நமக்கு வேண்டியதே என்போம் நாம். அம்மேட்டை 1691ஆம் ஆண்டளவில் விலைகொடுத்து வாங்கியவர் யார்? தாமஸ் பிட் என்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறி வங்கக் கரையில் வணிகம் செய்து பொருள் திரட்டியவர். பின்னர் அக்கம்பெனியாலேயே பணியமர்த்தப்பட்டு, 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக விளங்கியவர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்கள் 1708இல் கம்பெனிக்குக் கிடைத்தது அவருடைய ஆளுகையிலேதான். சென்னையில் இருந்தபோது அவர் 48,000 வராகன் கொடுத்து வாங்கிய பெருவைரம், இலண்டனில் பட்டை தீட்டப்பெற்று, 1717இல் 1,35,000 பவுனுக்குப் பிரான்சு நாட்டு ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்கப்பட்டது. கிருஷ்ணையாற்றங்கரைச் சுரங்கத்தில் பிறந்த அவ்வைரம் இன்று பாரிஸ் மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒளிர்கிறது.

அவருடைய பேரரே வில்லியம் பிட். 1735இல் அவர் நாடாளுமன்றத்துள் முதன்முதலாக நுழைந்தது, பாட்டனார் வாங்கிவைத்த பழைய சாரத்தின் உறுப்பினராகவே. பிற்காலத்தில் ஏழாண்டுப் போரை இலண்டனிலிருந்து நடத்தியவரும் அவரே. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும், 1761இல் புதுச்சேரி பணிந்ததும் அப்போரின் கிளைகளே. ஆளில்லா மேட்டில் தொடங்கிய ஒரு வாழ்க்கை, ஆள் நிறைந்த நம் மண்ணின் தலையெழுத்தில் கைவைத்தது என்றால், அம்மேடு நமக்கு அயலது என எங்ஙனம் கூறுவது? சாலிஸ்பரியின் கோபுரத்தடியில் நின்றால் நம் வரலாறு நினைவுக்கு வருவதில்லை. பழைய சாரத்தின் மண்ணரண்மீது நின்றால் வராமல் இராது.

அந்நகரைச் சூழ்ந்துள்ள பிற சிதைவுகளும் தத்தமக்குரிய பாடத்தைச் சொல்கின்றன. கிழக்கே சிறு தொலைவில் கிளாரண்டன் அரண்மனை. 1164இல் இரண்டாம் ஹென்றி மன்னர் அரசு நீதிக்கும் சமய நீதிக்கும் எல்லை வகுக்க முற்பட்டு, தாமஸ் பெக்கட் பேராயரோடு முரண்பட்ட வரலாற்றுக்குரிய இடம் அது. அதன் சித்திரத் தளவோடுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சேர்ந்துவிட்டன; அரண்மனை இருந்த காட்டிலோ ஓங்கிய சுவரென நிற்பது ஒரு துண்டே. மேற்கே வார்டர் கோட்டை. 1643இல் உள்நாட்டுப் போரின்போது, தலைவன் இல்லாத நேரத்தில் சிறு காவற்படையைக் கொண்டு பெரும்படையை எதிர்த்துப் பல நாள் அதனைக் காத்து நின்றவர் பிளாஞ்ச் அருண்டல் என்னும் முதிய மாதரசியார். எனினும் கோட்டை பகைவர் வசமாயிற்று. மறு ஆண்டு அதனை மீட்க வந்த அவர்தம் மைந்தரே வெடிமருந்து வைத்துத் தம் இல்லத்தைத் தகர்க்க நேர்ந்தது. பின்வந்த வழித்தோன்றல்கள் அருகிலேயே புதிய மாளிகை எழுப்பிக்கொண்டு, பழைய கோட்டையின் சிதைவைத் தோட்டத்து அணியாக வைத்துக் களித்தனர். துயரம் அலங்காரமாக மாறுவதற்கு ஒரு நூற்றாண்டே போதுமானதாயிருந்தது! சுற்றுலா என்னும் பெயரில் சிதைவுகளின் முன்நின்று நிழற்படம் எடுத்து மகிழ்வதோடு அமைபவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

வடக்கே ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டம். அதன் பெருங்கற்கள் நிறுத்தப்பட்டு ஏறத்தாழ நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய மான்மத் நகரத்து ஜெஃப்ரி, அவை அரக்கர்க்குரிய கற்கள் என்றும், மெர்லின் என்னும் மாயவர் அயர்லாந்திலிருந்து கொணர்ந்தார் என்றும் எழுதிவைத்தார். இரு நூற்றாண்டுகள் கழித்துத் தூனிசில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், பழங்காலப் பெருங்கட்டடங்களை அரக்கர் கட்டினர் என்னும் நம்பிக்கையை மறுத்தார். பலர் கைகோத்த உழைப்பும் பொறிநுட்பமுமே அவற்றை எழுப்பின என்பது அவர் முடிபு. அவர் ஸ்டோன்ஹெஞ்சைக் கண்டவரல்லர். ஆயினும் அம்முடிபு அதற்கும் பொருந்துகிறது. சிறிய நீலக்கற்கள் வேல்சிலிருந்து வந்தவை என்பது முன்பே அறியப்பட்டது. பெருங்கற்களுட் பெரும்பாலானவை 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காட்டுப் பகுதியிலிருந்து வந்தவை என 2020இலும், நடுவே கிடக்கும் பீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என 2024இலும் ஆய்வாளர் நிறுவியுள்ளனர். மாயத்தைக் காட்டிலும் வியப்புக்குரியது மானிட உழைப்பே எனச் சிதைவு சான்று பகர்கிறது.

"சிதைந்தவற்றை மீண்டும் எழுப்பிப் புத்தம்புதிதாக்கினால் என்ன?" என்ற வினாவும் எழக்கூடும். எங்கிருந்து வீழ்ந்தது என ஐயமின்றி அறிந்த கல்லை அங்கேயே நிறுத்துவதில் பிழையில்லை. 1797இல் சாய்ந்த ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை 1958இல் அவ்வாறே நிறுத்தினர். ஆனால் அறியாததைக் கற்பனையால் நிரப்பிக் கட்டுவது, சாட்சியின் வாயில் நம் சொல்லைத் திணிப்பதாகும். பழைய சாரத்தில் அகழ்ந்து பார்த்தவர்கள் பேராலயத்தின் அடித்தள வடிவத்தைப் புல்தரையில் கோடிட்டுக் காட்டியதோடு நின்றுகொண்டனர். அந்த அடக்கமே சிறந்த பாதுகாப்பு என்போம். சுவர் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதைக் காண்பவர் உள்ளமே எழுப்பிக்கொள்ளட்டும்.

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. வாய்ப்புக் கிட்டி அத்தகைய ஊர்களுக்குச் செல்வீராயின், சிதைவுகளை முதலிலும் கோபுரங்களைப் பின்னரும் காணுங்கள். செல்ல வாய்ப்பில்லையாயின், நூலகத்தில் அவ்வூர் வரலாற்றைத் தேடிப் படியுங்கள். எங்குச் சென்றாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனைக் கட்டியவர் யார்? இதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? இங்கு வாழ்ந்தவர் ஏன் நீங்கினர்? முதல் வினாவுக்கு விடை கல்வெட்டிலேயே கிடைத்துவிடும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விடை காண்பவரே வரலாறு கற்றவராவார்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இளையோரை வெளியூர்களுக்கு அனுப்புங்கால் வாங்கி வரவேண்டிய பொருள்களை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்; எண்ணி வரவேண்டியவற்றையும் சொல்லி அனுப்புங்கள். நீரும் ஒற்றுமையும் இல்லாத மேட்டில் மன்னரின் கோட்டையும் நிலைக்கவில்லை, ஆண்டவனைத் தொழும் ஆலயமும் நிலைக்கவில்லை என்பது எச்சமுதாயத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. மக்கள் இல்லாத இடத்தில் அதிகாரம் மட்டும் எஞ்சியிருந்தால் அது விலைப்பொருளாகிவிடும் என்பதோ, எந்த அமைப்பை நடத்துவோரும் மறக்கலாகாத எச்சரிக்கை. கோபுரம் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. குட்டிச்சுவரோ குனிந்து நம்மையே பார்க்க வைக்கிறது. இரண்டும் வேண்டும். எனினும், குனிந்து பார்த்தபின் அண்ணாந்து பார்ப்பவனுக்கே கோபுரத்தின் உண்மையான உயரம் தெரியும்.