காணாக்கடி என்று சொல்லி மூடிவிடாதீர்கள்

இராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், தொண்டிக் கரையிலும் உடம்பெல்லாம் திடீரெனத் தடித்து அரிப்பெடுத்தால் முதலில் சொல்லப்படுவது காணாக்கடி. கண்ணில் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டதாம். வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வார்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும், "நண்டும் எறாலும் தின்னு வளந்த ஒடம்பு, அதுவா செய்யும்?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கக்கூடியது.

மந்திரித்ததும் அடங்குகிறதே என்பார்கள். அடங்கும்தான். இப்படி எழும் தடிப்புகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தாமாகவே மறைபவை. வேப்பிலையே இல்லாத நாட்டிலும் அப்படித்தான் மறைகின்றன.

பழகிய உடம்புக்கு ஒவ்வாமை வராது என்பது அதைவிடப் பெரிய பிழை. பழகியதற்குத்தான் அது வரும். இந்த உண்மை வெளிப்பட்டதும் கடலை வைத்துத்தான். 1901-ல் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சொறிமீன் இனத்தின் நஞ்சை ஆராயப் போனார்கள். ஊர் திரும்பி, கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துக் கொஞ்சமே செலுத்தியபோது அரை மணிக்குள் செத்தது. ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் உடம்பு ஒரு பொருளைத் தவறாகப் பகையென்று குறித்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சேர்த்து வைக்கிறது, தாக்குவது பிறகுதான். இறால், நண்டு ஒவ்வாமை நாற்பது வயதுக்காரரிடம்கூடப் புதிதாகத் தலைகாட்டுவது அதனால்தான்.

தின்றால் மட்டும்தான் என்றும் இல்லை. மண்டபம் பக்கம் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். அந்த ஆவியோடு நண்டின் புரதமும் மூச்சில் ஏறும். கனடாவின் நண்டு ஆலைகளில் தொழிலாளர்களுக்கு இப்படி இழுப்பு வருவதை 1980-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இங்கே ஒரு பெண்ணுக்கு இழுத்தால் உப்புக் காற்றையும் பனியையும் குறை சொல்கிறோம். அவள் வேலையைப் பற்றி நாம் கேட்பதே இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் நண்டின்மேல் போடவும் முடியாது. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் கும்புளாவிலும் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். பார்க்க ஒவ்வாமை போலவே இருந்தாலும் அது கெட்ட மீனின் நஞ்சு. மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் தும்மலையும் இழுப்பையும் தரும். எது காரணம் என்பதைச் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும்.

சோதனை பெரிய வேலை இல்லை. முன்கையில் ஒரு சொட்டு மருந்து விட்டு ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் தடிப்பு வருகிறதா என்று தெரிந்துவிடும். அரிப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவர் சொல்கிறபடி சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் முடிவு பொய்யாகும். தடிப்பு வந்த மட்டில் முடிவு கட்டவும் கூடாது. இறாலில் உள்ள டிரோபோமையோசின் என்ற புரதம் வீட்டுத் தூசிப் பூச்சியிலும் உண்டு. பூச்சி ஒவ்வாமை உள்ளவருக்கு இறால் சோதனையும் தடித்துக் காட்டலாம். என்ன தின்றீர்கள், எவ்வளவு நேரத்தில் வந்தது என்ற கதையோடு சேர்த்துத்தான் மருத்துவர் படிப்பார். நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளின் அளவைக் காட்டி விற்கிறார்களே, அதில் காசைக் கொட்டாதீர்கள். அது ஒவ்வாமையைக் காட்டாது.

இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மீன் ஒத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒவ்வாமை தரும் புரதம் வேறு. சோதித்து, மீன் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டவர் பாறையும் விளமீனும் பயமில்லாமல் தின்னலாம். சோதிக்காதவர், ஒன்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார், அல்லது எதையும் விடாமல் தின்கிறார்.

தடிப்போடு மூச்சு முட்டினாலோ, தொண்டை அடைத்தாலோ, தலை சுற்றினாலோ மந்திரிக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். அப்போது தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. இராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து மருத்துவர்கள் நண்டு உடைக்கும் கொட்டகைகளுக்கே வந்து அந்தப் பெண்களின் மூச்சைச் சோதிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.