ஒப்புரவும் அபராதமும்

‘சாதி இந்து சமயத்தின் நோய், கிறித்தவம் அதன் மருந்து’ என மேடைதோறும் முழங்கும் அன்பர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றுண்டு. வடக்கன்குளம் எந்தச் சமயத்தின் ஊர்?

1872-இல் அங்கே எழுந்த ஆலயத்துக்குப் பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. வேளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம், இடையே சுவர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரே பூசையைக் காணலாம். அச்சுவர் 1910-இல்தான் வீழ்ந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பாகுபாடு பொறாத தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டனர். சாதிக் கிறித்தவர் எதிர்த்தனர். மோதல் மூண்டது, காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டனர். கேட்டவர், எதிர்த்தவர் இருசாராரும் ஒரே மாதாவின் பிள்ளைகள்!

நிறவெறி மேலை நாட்டார் சிக்கல் என்போர் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை 1857-இல், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பின விசுவாசிகளுக்குத் தனி வழிபாட்டை அனுமதித்தது. சலுகையாகத் தொடங்கியது பின்னர் கோட்பாடாயிற்று. அதை மறுத்துப் பெல்ஹார் விசுவாச அறிக்கையை 1986-இல் ஏற்றது, அவ்வாறு பிரித்து வைக்கப்பட்டோரின் சபையே. இங்கும் அதே கதைதான். பலவீனம் வலியவனுடையது, விலை கொடுப்பவன் எளியவன்.

நம் மதுரைக்கும் இதில் பங்குண்டு. 1606-இல் இங்கு வந்த தெ நொபிலியின் வழியில், சாதிக்கேற்ப வெவ்வேறு குருக்கள் என்னும் ஏற்பாடு பின்னர் வளர்ந்தது. 1834-இல் வந்த அமெரிக்க மதுரை மிஷனோ, சில ஆண்டுகளில், தன் ஊழியர் சாதி பாராமல் உடனுண்ண வேண்டுமென வற்புறுத்தியது. இரண்டு வழிகளும் இம்மண்ணில் இருந்தன. எளிதான வழியையே பலரும் விரும்பினர்.

இன்று யாவரும் ‘ஒப்புரவு’ பேசுகின்றனர். நல்ல சொல். வள்ளுவர் அதற்கோர் அதிகாரமே வகுத்தார். கத்தோலிக்கரோ பாவசங்கீர்த்தனத்துக்கே அப்பெயரைச் சூட்டினர். ஆனால் அந்த அருட்சாதனத்தில் பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் போதுமா? குரு விதித்த அபராதத்தையும் தீர்க்க வேண்டாமா? 2016-இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்குக் கொள்கை அறிவித்தது. அறிக்கையிட்டாயிற்று. அபராதம்?

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கிட்டிய உரிமை அது. அதைத் தில்லியில் கேட்பது முழுக்க நியாயம். அதே நியாயத்தைப் பங்குப் பேரவையிலும் கல்லூரிப் பணி நியமனத்திலும் யார் கேட்பது?

நாம் கேட்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் உள்ள இடமெல்லாம் அது இடியட்டும். திருவிழாத் தேர் சேரித் தெருவிலும் ஓடட்டும். அதன்பின் ஒப்புரவு பற்றிப் பேசலாம். அதுவரை அப்பேச்சு, அடிபட்டவனை வாய்மூடி இருக்கச் சொல்லும் நாகரிகமான ஏற்பாடு மட்டுமே.