பழைய பிக்கப்புக்கு முதல் காசு எதுக்கு?

விளைஞ்சதை நாமே கொண்டுபோய் விக்கணும்னு முடிவு பண்ணினதும் நம்ம உழவர்கள் தேடுறது ஒரு பழைய வண்டியைத்தான். பத்து, பன்னிரண்டு வருசம் ஓடின பொலேரோ பிக்கப், இல்லைன்னா குட்டி யானை. புது வண்டிக்குத் தவணை கட்டுறதை விட இது எவ்வளவோ மேல். வங்கியில் இருந்தவன் என்ற முறையிலும் அதையே சொல்வேன்.

ஆனால் வாங்கின மறுவாரம் செய்யிற செலவு இருக்கே, அதுதான் எனக்கு ஒப்பலை. ஏர் ஹாரன், கண்ணைப் பறிக்கிற லைட்டு, பின்னால் ரெண்டு கமான் பட்டை கூடுதல். அப்புறம் "இழுவை பத்தலை"ன்னு டீசல் பம்பைத் திருகி விடுறது. பாவு சரியா இல்லாதப்ப ஜரிகையைப் பத்திப் பேசினா எங்க தேசூர் தறிக்காரர் சிரிப்பார்.

என் கருத்து இதுதான்: முதல் காசு வண்டியை நிறுத்துறதுக்கு. ரெண்டாவது, இன்ஜின் இழந்த சக்தியைத் திரும்ப எடுக்க. கூடுதல் சக்தி நமக்குத் தேவையே இல்லை.

டயரில் இருந்து ஆரம்பிக்கலாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-ம் வருசம் 32-வது வாரம் செஞ்சது. பட்டன் ஆழமா தெரிஞ்சாலும் ரப்பர் கிழமாகி வெடிப்பு விட்டிருந்தா மாத்திடுங்க. அடுத்தது பிரேக். ஷூ, பேட், டிரம் பார்க்கிறவங்ககூட பிரேக் ஆயிலை மறந்துடுறாங்க. அது காத்திலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ஈரம் ஏறின ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிச்சு ஆவியாகும். அப்போ பெடல் சொத்துன்னு உள்ளே போயிடும். ஜமுனாமரத்தூரிலிருந்து சாமை ஏத்திக்கிட்டு போளூருக்கு மலையிறங்குறவங்க இதை விளையாட்டா எடுத்துக்கக் கூடாது. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்தினால் போதும், பெரிய செலவில்லை.

கமான் பட்டை விசயத்தைக் கொஞ்சம் விளக்கணும். சில பிக்கப்களில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே கம்பியில் மாட்டின ஒரு வால்வு உண்டு. பாரம் ஏறி பாடி தணிஞ்சா, அது பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் விடும். பட்டை சேர்த்துட்டா பாடி தணியாது. வண்டி காலின்னு வால்வு நினைச்சுக்கும். பாரம் அதிகம், பின் பிரேக் கம்மி! இது எத்தனை பட்டறையில் தெரியும்? களையெடுக்கிற அம்மாமாரை இதே வண்டியில் ஏத்திப் போறோம். அப்படி ஏத்துறதே தப்பு, அது வேற சண்டை. வண்டியின் அடிப்படை அமைப்பை மாத்த மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் தரலை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. ஒரு நடை கத்தரிக்காயில் அதை எடுக்க முடியுமா? தேஞ்சுபோன பட்டை, புஷ், ஷாக் அப்சார்பரை அதே அளவில் புதுசா மாத்துங்க. அதுவே வண்டியை நிமிர்த்திடும்.

இழுவைக்கு வர்றேன். வரப்போரத் தூசியில் ஓடுற வண்டிக்கு ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும். டீசல் ஃபில்டரில் தண்ணி நிக்கும், டர்போ ஹோஸில் கீறல் இருக்கும், நாசில் சரியா தெளிக்காது. கரும்புகைன்னா எரியாத டீசல் வெளியே போகுதுன்னு அர்த்தம். அந்த நிலையில் பம்பைத் திருகுறது, வேர் அழுகின பயிருக்கு யூரியா கொட்டுற மாதிரி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்த வண்டி 10-க்கு இறங்கினால், மாசம் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தில் 20 லிட்டர் கூடுதல். ஃபில்டர், நாசில் வேலைக்கான காசு அதிலேயே திரும்பிடும்.

விடியக்காலை மூணு மணிக்கு ஆரணி சந்தைக்குக் கிளம்புறவங்களுக்கு வெளிச்சம் வேணும், ஒத்துக்கறேன். பழைய வண்டியில் வயரும் சுவிட்சும் தேஞ்சு பல்புக்கு முழு வோல்ட் போகாது. நல்ல ரிலே ஒண்ணு போட்டு, மங்கின கண்ணாடியைத் தேய்ச்சாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே வண்டி வச்சிருக்கிற குழுக்களுக்கு ஒரு யோசனை. டீசல் கணக்கோடு, நடைக்கு இவ்வளவுன்னு டயருக்கும் பிரேக்குக்கும் தனியா எடுத்து வையுங்க. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினோம்னு எழுதுங்க. எட்டு வருசம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. காட்டணும். அந்த நோட்டு கையில் இருந்தா, கடைசி வாரத்தில் கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை.