தூண்டிலின் பங்கு

ஆக்லாந்துக்கு விருந்தாளிகள் வந்தால் ஹவுராக்கி வளைகுடாவுக்கு வாடகைப் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவர்கள் நம்மில் பலர். இங்கே கடலில் தூண்டில் போட உரிமம் தேவையில்லை. பெரும்பாலும் சிக்குவது ஸ்னாப்பர். பார்வைக்கு நம் சங்கராவைப் போலிருந்தாலும் வேறு குடும்பத்து மீன். 30 செ.மீ.க்குக் குறைந்ததைக் கடலில் விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 மீன்தான்.

ஏழு மீனில் கடல் வற்றிவிடுமா என்று கேட்கத் தோன்றும். வடகிழக்குக் கடற்பகுதி ஸ்னாப்பருக்கு நியூசிலாந்து அரசு 2013இல் போட்ட கணக்கைப் பாருங்கள்: வணிகப் படகுகளுக்கு 4,500 டன், பொழுதுபோக்காகப் பிடிப்போருக்கு 3,050 டன். ஏழு ஏழாகச் சேர்ந்தால் இவ்வளவு.

வளைகுடாவோ நலிந்து கிடக்கிறது. மஸல் சிப்பிப் படுகைகள் 1960களுக்குள் வாரி அழிக்கப்பட்டன. ஸ்காலப் எடுப்பது 2022இல் நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் 12 உயர் பாதுகாப்புப் பகுதிகளை வகுத்தது. அங்கே நாம் தூண்டில் போடக்கூடாது. ஆனால் சட்டம் மசோதாவாக இருந்தபோதே, அவற்றில் இரண்டில் சில வணிகப் படகுகள் வளைய வலை வீச இடம்தரும் திருத்தம் வந்தது. தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான்.

அந்தக் கோபம் நம் பங்கை மறைத்துவிடக் கூடாது. வலைக்காரன் நிறுத்தட்டும் என்று தூண்டில்காரனும், தூண்டில்காரன் நிறுத்தட்டும் என்று வலைக்காரனும் காத்திருந்தால் மீன் காத்திருக்காது.

லீ ஊருக்கருகே கோட் தீவைச் சுற்றிய கடல் 1975இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பெரிய ஸ்னாப்பர்கள் கரையோரத்திலேயே பயமின்றி நீந்துகின்றன. அடுத்த முறை விருந்தாளியை அங்கேயும் கூட்டிப்போகலாமே!