அம்மம்மா பிறந்த ஊரும் பிள்ளை பிறந்த ஊரும்

ஐரோப்பாவிலயும் பேஸ்போல் விளையாடுறவையோ எண்டு கேக்கிற ஆக்கள்தான் எங்கட சனத்தில கூட. விளையாடுறவை. 1954 ஆம் ஆண்டிலயிருந்து நாடுகளுக்கு இடையில ஐரோப்பியக் கிண்ணம் எண்டு ஒண்டு நடக்குது. முதல் தரம் பெல்ஜியத்தில அன்ற்வேர்ப் நகரத்தில நடந்தது, இத்தாலி வெண்டது. 1955 இலயும் 2023 இலயும் ஸ்பெயின் வெண்டது, 1967 இல பெல்ஜியம் வெண்டது. மிச்சக் கிண்ணம் எல்லாம் நெதர்லாந்தும் இத்தாலியும் தங்களுக்குள்ள பங்கு போட்டதுதான். பிரித்தானியா ஒருக்காலும் வெல்லேல்லை. 1967, 2007, 2023 எண்டு மூண்டு தரம் இரண்டாம் இடத்தோட நிண்டிட்டுது.

ஊரில எல்லே விளையாடின ஆக்களுக்கு இந்த விளையாட்டு அவ்வளவு அந்நியமாத் தெரியாது. மூங்கில் தடியும் ரெனிஸ் போலும், அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓட்டமும், எறிஞ்ச பந்து முதுகில பட்டால் அவுட்டும். பேஸ்போலில முதுகுக்கு எறியிறேல்லை. மற்றும்படி சொந்தக்காரர் மாதிரித்தான்.

ஆனால் நான் எழுத வந்தது விளையாட்டைப் பற்றி இல்லை. விளையாடுற ஆக்களைப் பற்றி.

நெதர்லாந்து ரீமைப் பாருங்கோ. அதில கனபேர் கரிபியன் கடலில இருக்கிற குரசாவோ, அருபா தீவுகளைச் சேர்ந்த பெடியள். ஒல்லாந்தர் 1634 இல குரசாவோவைப் பிடிச்சவை. அதே ஒல்லாந்தர்தான் 1658 இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, பிறகு கோட்டையைத் திருத்திக் கட்டினவை. எங்களை விட்டிட்டுப் போயிட்டினம், குரசாவோவை விடேல்லை. அதால அந்தத் தீவுப் பிள்ளையளிட்ட இண்டைக்கும் நெதர்லாந்துப் பாஸ்போட் இருக்கு. 2011 இல பனாமாவில கியூபாவை 2-1 எண்டு வெண்டு உலகக் கிண்ணத்தை எடுத்த ஒரேயொரு ஐரோப்பிய ரீம் இதுதான்... 1938 ஐ விட்டால். (அதுக்குப் பிறகு வாறன்.)

2023 இல கிண்ணம் எடுத்த ஸ்பெயினில வெனிசுவேலா, டொமினிக்கன் குடியரசு, கியூபாவில பிறந்தவை கனபேர். இத்தாலி ரீமுக்குள்ள அமெரிக்காவில பிறந்த இத்தாலிய வழிப் பேரப்பிள்ளையள் வருவினம். பிரித்தானியாவும் அப்பிடித்தான், அமெரிக்காவிலயும் பஹாமாஸிலயும் பிறந்தவையைக் கூப்பிட்டுக் கட்டின ரீம். 2023 மார்ச்சில வேர்ல்ட் பேஸ்போல் கிளாசிக்கில கொலம்பியாவை 7-5 எண்டு வெண்டு தன்ர முதல் வெற்றியை எடுத்தது. அந்தத் தொடரில ஹோம் ரன் அடிச்சுப் பேர் எடுத்த ஹாரி ஃபோர்ட் அமெரிக்காவில பிறந்து வளர்ந்தவர், தாய் தகப்பன் இங்கிலாந்துக்காரர். அந்தத் தொடரின்ர விதி இன்னும் இளகினது. பாஸ்போட் கையில இருக்கத் தேவையில்லை, விண்ணப்பிச்சால் கிடைக்கக்கூடிய ஆள் எண்டாலே காணும். ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் பாஸ்போட் வேணும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1938 ஆகஸ்ட்டில இங்கிலாந்தில நடந்த தொடரில பிரித்தானியா அமெரிக்காவை 4-1 எண்டு வெண்டது. அதைத்தான் முதலாவது உலகக் கிண்ணமாப் பிறகு கணக்கில எடுத்தவை. அந்த ரீமில கனபேர் கனடாவில பிறந்தவை. அந்தக் காலத்தில எங்கட பக்கத்திலயும் பேஸ்போல் இருந்தது. 1936 இல நோர்பரிக்குக் கிட்ட மிச்சம் ஸ்ரேடியத்தில ஸ்ரெதம் அன்ட் மிச்சம் ஜயன்ற்ஸ் எண்டு ஒரு ரீம் லண்டன் லீக்கில விளையாடினது. அந்த மைதானம் 1955 இல மூடுப்பட்டிட்டுது. எங்கட குறோய்டனில பைரேற்ஸ் எண்ட கழகம் 2004, 2005 இரண்டு வருசமும் தேசிய சம்பியன்.

வெளியில பிறந்தவையைக் கூட்டி வந்து விளையாடுறது கள்ள விளையாட்டு எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். அவையள் செக் ரீமைக் காட்டுவினம். 2023 இல டோக்கியோவில விளையாடின அந்த ரீமின்ர பயிற்சியாளர் ஒரு நரம்பியல் டொக்டர். ஜப்பானின்ர ஒதானியை அவுட்டாக்கின ஒந்த்ரே சதோரியா மின்சார வேலை செய்யிற ஆள். எனக்கும் அந்த ரீமைப் பிடிக்கும். ஆனால் அதுக்காக மற்றவை போலி எண்டு நான் சொல்ல மாட்டன். ஒரு ஆளுக்கு ஒரு நாடுதான் எண்டு சட்டம் போட்டால் முதலில அடிபடுறது எங்களை மாதிரி ஆக்கள்தான். இரண்டு ஊர் உள்ளவன் இரண்டிலயும் அரைவாசி ஆள் இல்லை. இரண்டிலயும் முழு ஆள்.

என்ர கோவம் வேற இடத்தில.

நோர்பரியில எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். தாய் தகப்பன் அசைலம் அடிச்சு, நிராகரிச்சு, அப்பீல் போட்டு, திரும்பவும் அடிச்சு, இன்னும் முடிவில்லாமல் இருக்கினம். பெடியன் இங்கதான் பிறந்தவன், பதின்மூண்டு வயசு. இங்கிலீசு எங்களை விட இங்கத்தையான் மாதிரிக் கதைப்பான். தமிழில கேட்டால் இங்கிலீசில பதில் வரும். பள்ளிக்கூடத்துப் பெடியளோட சேந்து பேஸ்போல் பழகினவன், கை நல்ல பலம். அவன்ர ரீம் போன கோடையில ஒல்லாந்துக்கு ஒரு தொடருக்குப் போனது. அவன் போகேல்லை. பாஸ்போட் இல்லை. கூட்டாளியளுக்கு என்ன சொன்னவன் தெரியுமோ? கை நோகுது எண்டு சொன்னவனாம்.

இதில நோகிற விசயம் என்னெண்டால், அவனுக்குப் பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுக்கிற உரிமை மூண்டு வருசத்துக்கு முதலே வந்திட்டுது. இங்க பிறந்து முதல் பத்து வருசமும் இங்கயே இருந்த பிள்ளை, தாய் தகப்பன்ர விசா என்னவா இருந்தாலும், பதிவு செய்யலாம் எண்டு 1981 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுது. (ஒவ்வொரு வருசமும் 90 நாளுக்கு மேல வெளியில நிண்டிருக்கப்படாது. பத்து வயசு தாண்டின பிள்ளையின்ர நன்னடத்தையும் பாப்பினம்.) தாயிட்டக் கேட்டன். “ஓம் தம்பி, ஆரோ சொன்னவை. ஆயிரத்துக்கு மேல காசாம். வாடகை குடுக்கிறதோ, அதைக் கட்டிறதோ?” எண்டா.

அந்தக் காசின்ர கதையையும் கேளுங்கோ. 2019 இல ஒரு பிள்ளையைப் பதிய 1,012 பவுண். அந்த வேலையைச் செய்ய அரசாங்கத்துக்கு உண்மையாச் செலவானது 372 பவுண்தான். 2019 டிசம்பரில உயர் நீதிமன்றம், பிள்ளையளின்ர நலனை யோசிக்காமல் வைச்ச கட்டணம் சட்டப்படி பிழை எண்டு தீர்ப்புச் சொன்னது. 2021 இல மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால் இவ்வளவு கூட்டி அறவிடவே சட்டத்தில இடமில்லை எண்ட வாதம் 2022 பெப்ரவரியில உச்ச நீதிமன்றத்தில எடுபடேல்லை. அந்த வருசம் ஜூனில, கட்ட வசதி இல்லாத பிள்ளையளுக்குக் கட்டண விலக்குக் கொண்டு வந்தவை. 2023 ஒக்டோபரில கட்டணம் 1,214 பவுண் ஆனது. விலக்கு இருக்கெண்டு அந்தத் தாய்க்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

இப்ப இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. கடலுக்கு அங்கால பிறந்து, இந்த நாட்டில ஒரு மாரிகாலம்கூடக் கழிக்காத ஒரு விளையாட்டுக்காரனுக்கு, தாயின்ர ஊரைக் காட்டினால் நாட்டின்ர சேட்டு ரெடி. சந்தோசம், போடட்டும். நோர்பரியில பிறந்து, லண்டன் றோட்டில பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போற பெடியனுக்கு அதே சேட்டு எட்டாது. ஒருத்தனுக்கு இரத்தம் காணும், மற்றவனுக்கு வாழ்க்கையே காணாது.

1990 இல நோர்மன் ரெபிற் எண்ட கொன்சவேற்றிவ் அரசியல்வாதி, குடியேறி வந்த ஆக்கள் கிரிக்கெட்டில எந்த நாட்டுக்குக் கை தட்டுகினம் எண்டு பாருங்கோ எண்டு ஒரு சோதனை வைச்சவர். முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேலாயிட்டுது, இன்னும் அந்தக் கேள்வி போகேல்லை. அந்தப் பெடியன் ஆருக்குக் கை தட்டுறான் எண்டது ஒரு பிரச்சினையே இல்லை. அவன் கை தட்டத் தயார். விளையாடவும் தயார். நாடுதான் அவனுக்குக் கை தட்டேல்லை.

எங்கட ஆக்களிட்டயும் ஒரு வார்த்தை. 2018 இல லண்டனில அங்கீகாரம் இல்லாத நாடுகளுக்கும் மக்களுக்கும் கொனிஃபா உதைபந்தாட்டத் தொடர் நடந்தது. சட்டன், கார்ஷல்ரன் எண்டு எங்கட பக்கத்து மைதானங்களிலயும் நடந்தது. தமிழீழ ரீம் இறங்கினது, புலத்தில வளர்ந்த பெடியள்தான் விளையாடினவை. அப்ப எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிள்ளை அங்க பிறக்கேல்லை, ஆனாலும் எங்கட பிள்ளை எண்டு சொன்னம். சரிதான். அதே வாயால, இங்கிலாந்துச் சேட்டுப் போட ஆசைப்படுற பிள்ளையைப் பாத்து ‘வெள்ளைக்காரனாப் போச்சுது’ எண்டு நக்கல் அடிக்கக்கூடாது. சனிக்கிழமை முழுக்க ரியூசனுக்கு இழுத்துக்கொண்டு திரிஞ்சு, மைதானத்தை அவனுக்குக் காட்டாமலே வளக்கவும் கூடாது. அவனுக்கு இரண்டு சேட்டும் பொருந்தும்.

இதை வாசிக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்ச குடும்பம் கட்டாயம் ஒண்டாவது இருக்கும். பிள்ளை இங்க பிறந்ததோ, பத்து வயசு ஆச்சுதோ எண்டு கேளுங்கோ. தாய் தகப்பனில ஒராளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைச்சிட்டுது எண்டால் பத்து வயசு வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை, பதினெட்டுக்கு முதல் எப்பவும் பதியலாம். நேர்சறிக் கடுதாசி, பள்ளிக்கூட றிப்போட், ஜிபியின்ர கடிதம், தடுப்பூசிப் புத்தகம் ஒண்டையும் எறிய வேண்டாம். பிள்ளை இங்கதான் இருந்தது எண்டு காட்டுறது அதுகள்தான். காசில்லை எண்டால் கட்டண விலக்கைப் பற்றிக் கேளுங்கோ. முறையான அனுமதி உள்ள சட்ட ஆலோசகரிட்ட மட்டும் போங்கோ. கடை வாசலில நிண்டு ‘நான் நிரப்பித் தாறன்’ எண்டு சொல்லுறவையிட்டப் போய்க் காசைக் குடுக்காதேங்கோ.

கோயிலில அர்ச்சனை முடிஞ்சு கதைக்கிற நேரத்தில, கலியாண வீட்டில சாப்பாட்டுக்கு லைனில நிக்கிற நேரத்தில இந்தக் கதையை எடுங்கோ. எந்த நாட்டுக்கு விளையாடுறது எண்டதைப் பிள்ளை பிறகு ஆறுதலா முடிவெடுக்கட்டும். முடிவெடுக்கிற உரிமை முதல் அவன்ர கையில இருக்கோணும்.