லாட்டாவும் ஃபெரெண்டாவும் எங்கள் சுடுகாட்டுப் பாதையும்

சட்டம் படித்தவர்கள் இரண்டு லத்தீன் சொற்களை வைத்துக்கொண்டு நம் வாயை அடைக்கிறார்கள். லெக்ஸ் லாட்டா என்றால் இருக்கிற சட்டம். லெக்ஸ் ஃபெரெண்டா என்றால் வரவேண்டிய சட்டம், வந்தால் நல்லது என்று யாரோ நினைக்கிற சட்டம். நான் சட்டம் படித்தபோது, மதம் மாறிய தலித்துகளின் உரிமை பற்றிக் கேட்டேன். வகுப்பெடுத்தவர் சிரித்துக்கொண்டே, "நீ கேக்கறது ஃபெரெண்டாப்பா, பரீட்சையில எழுதிடாத, மார்க் போயிடும்" என்றார். வகுப்பும் சிரித்தது.

இந்தப் பிரிவினையே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தன் ஆசையைச் சட்டம் என்று நினைத்துத் தீர்ப்பெழுதுகிற நீதிபதியால் முதலில் அடிபடப்போவது நாம்தான். அவர் ஆசைகள் நம் தெருவில் வளர்ந்தவை அல்ல. எனவே, இருப்பது எது, வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோட்டை யாருக்கு எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்தவை. ஃபெர்ரே என்றால் சுமத்தல், கொண்டுவருதல். லாட்டா கொண்டுவரப்பட்டது, ஃபெரெண்டா கொண்டுவரப்பட வேண்டியது. ரோமாபுரியில் அதிகாரி ஒருவர் சட்டத்தை மக்கள் சபைக்கு முன் 'சுமந்து' வருவார். சபையில் அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. தமிழிலும் 'சட்டம் கொண்டாந்தாங்க' என்றுதானே சொல்கிறோம். இதை எங்கள் பெரியப்பாவிடம் சொன்னபோது, "சொமக்கற வேலைன்னா நம்மள்ல கேக்கணும்" என்றார். சபைவரை சுமந்து வந்த சட்டத்தை அதற்குப் பிறகு சேரிவரை சுமப்பது யார் என்று லத்தீன் சொல்லவில்லை.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு துண்டு புதுச்சேரி, ஒரு துண்டு பழைய தென்னார்க்காடு, மறுபடி புதுச்சேரி. ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு அரசாங்கம். 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாம் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் உண்டு என்று அரசாணை வந்தது. அந்த அரசாணை வரப்போடு நின்றது. இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சுக்காரர்கள் 1819ல் தங்கள் சட்டத் தொகுப்பை இங்கே அமலாக்கியபோதே, இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படிதான் விசாரிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்துவிட்டார்கள். அதாவது சாதி வழக்கம் இங்கே லெக்ஸ் லாட்டா. எழுத்திலேயே இருந்தது.

1950ல் அரசியல் சட்டம் வந்தது, 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டான். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டு 16. தீண்டாமைக் குற்றச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது 1963ல். இங்கே யார் யார் பட்டியல் சாதி என்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1964ல். வரப்புக்கு அந்தப் பக்கம் சட்டமாக இருந்தது, இந்தப் பக்கம் எட்டு வருஷம் வெறும் விருப்பமாக இருந்திருக்கிறது. நடுவில் இருந்தது ஒரு சாண் மண்.

சரி, 1963க்குப் பிறகு? எங்கள் பிணம் போகிற பாதையைச் சொல்கிறேன். ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாடு பக்கம். நாங்கள் போவது வாய்க்கால் கரையில். ஐப்பசி கார்த்திகையில் பாடை தூக்குகிறவர்களுக்கு முழங்கால் வரை சேறு. மனு எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி சொல்கிறார்: "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, ஊர்ல பேசிகினு வாங்க." வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. அதற்கு 2015ல் திருத்தம் வந்து 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 3ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், இசட்.ஏ. என்ற கூறு, சுடுகாட்டையும் பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே சொல்கிறது. இதைவிட லாட்டா வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த மேசையில் அது ஃபெரெண்டா ஆகிவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத 'வழக்கம்' லாட்டா ஆகிவிடுகிறது. வில்லியனூர் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று இதுவரை யாரும் மனுக்காரரைப் போல நிற்க வைத்துக் கேட்டதில்லை.

மகாடில் நடந்ததும் இதுதான். 1923ல் பம்பாய் சட்டசபை பொதுக்குளங்களைத் திறந்துவிட்டது. அடுத்த வருஷம் மகாடு நகராட்சியும் தீர்மானம் போட்டது. குளத்துத் தண்ணீர் மட்டும் தீண்டாதவர்களுக்கு எட்டவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்தார். அவர் அன்று கேட்டது புதுச் சட்டம் அல்ல. நான்கு வருஷமாகக் காகிதத்தில் கிடந்ததைக் குளக்கரைவரை சுமந்துபோனார். உடனே சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள், 'அனாதி கால வழக்கம்' என்றார்கள், தடையும் வாங்கினார்கள். அந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆகிவிட்டது. பத்து வருஷம்.

இன்னொன்று, சுருக்கமாக. 1993ல் வந்த அரசியல் சட்டத் திருத்தப்படி உள்ளாட்சியில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். புதுச்சேரியில் 1968ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, பிறகு 2006ல். 2011ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் பத்து வருஷம் கடந்தும் தேர்தல் இல்லை. 2021ல் அறிவிப்பு வந்து, ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒரு தலித் பெண் உட்காரவேண்டிய நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இதை ஃபெரெண்டா என்று எந்தப் பேராசிரியரும் வகைப்படுத்தவில்லை.

இப்போது, அன்றைக்கு வகுப்பில் சிரித்தார்களே, அந்தக் கேள்விக்கு வருகிறேன். 2024 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். அன்றைக்கு உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மேல்நிலை எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர். அப்பா வள்ளுவர், அம்மா கிறித்தவர், இவருக்குச் சிறுவயதில் ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. நான் இந்துதான் என்றார். சர்ச்சுக்குப் போகிறவர் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1950 ஆணையின் மூன்றாவது பத்தி இந்துவுக்கு மட்டும் என்றது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பவுத்தரைச் சேர்த்தார்கள். ஆக இரண்டு தடவை ஃபெரெண்டா லாட்டாவாக மாறியிருக்கிறது, வானம் இடிந்து விழவில்லை. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. அது அப்படியே கிடந்தது. 2022ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், இரண்டு வருஷக் கெடு கொடுத்தார்கள், பிறகு கெடுவை நீட்டினார்கள்.

ஒரு பெண் வேலைக்காகத் தன் சாமியை மறைத்தால் மோசடி. ஞானஸ்நானத் தண்ணீரில் தீண்டாமை கரைந்துவிட்டது என்று 1950லிருந்து அரசாங்கம் எழுதிக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர்? புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர் தனியே நிற்கச் சுவர் இருந்ததை 1745லேயே ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் ஒன்றும் நம் ஆள் இல்லை.

எங்கள் தெருவுக்கு வாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வீடு, ஒன்றில் மாரியம்மன் படம், ஒன்றில் மாதா படம். இரண்டு வீட்டுப் பிணமும் அதே வாய்க்கால் கரையில், அதே சேற்றில் போகிறது. ஊர்க்காரன் வழி மறிக்கும்போது பாடைமேல் சிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பார்க்கிறார்கள். மாரியம்மன் வீட்டுக்கு வன்கொடுமைச் சட்டம் உண்டு, மாதா வீட்டுக்கு இல்லை. ஒரே பாதை, ஒரே அடி, ஒருவனுக்கு லாட்டா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஃபெரெண்டா.

நம் தோழர்கள் எழுதுகிற மனுக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 'தயவுகூர்ந்து பாதை ஏற்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' இருக்கிற சட்டத்தை நாமே யாசகமாக மாற்றி எழுதிக் கொடுக்கிறோம். இந்த மார்கழியில் எங்கள் தெருவில் எழுதப்போகிற மனுவில் தயவு இருக்காது. 3ஆம் பிரிவு இருக்கும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை என்று சொல்கிற 4ஆம் பிரிவும் இருக்கும். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்றும் இருக்கும். மாரியம்மன் வீட்டுக்காரர்கள் முதல் கையெழுத்துப் போடுவார்கள், அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. மாதா வீட்டுக்காரர்கள் இரண்டாவது பக்கத்தில் போடுவார்கள். அந்தப் பக்கத்தின் நகல் டெல்லிக்கு, ஆணையத்துக்குப் போகும்.