செவ்வாய்ப்பேட்டையைக் காலி பண்ணலாமா?

 

பொம்மிடியில் ரயில் ஏறி சேலம் போய் வந்தவர்கள், "செவ்வாய்ப்பேட்டையா? ஐயோ, ஒரே லாரி, நெரிசல். எல்லாத்தையும் ஊருக்கு வெளியே மாத்தணும்" என்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை.

அந்தப் பேட்டை உண்டானதே வியாபாரத்தால்தான். செவ்வாய்க்கிழமை சந்தை கூடியதால் வந்த பெயர். நம்ம பக்கமும் சந்தைக்குக் கிழமைதானே அடையாளம்! இன்றைக்கும் லீ பஜாரில் மளிகை மூட்டை இறங்குகிறது. மூலப்பிள்ளையார் கோவில் பக்கம் வெல்ல மண்டியில் ஏலம் நடக்கிறது. ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு சாமி வேஷம் கட்டி வண்டி வேடிக்கை விடுகிறார்கள். (பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.)

எல்லாத்தையும் விட கொலுசு! நம் காலில் கிடக்கிற கொலுசு கடையில் முளைத்தது இல்லை. வெள்ளியை உருக்கி, கம்பியா இழுத்து, வளையம் வளையமா கோர்த்து, பற்றவைத்து, மெருகு போடணும். ஒரே ஆள் செய்வதில்லை. பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் கை மாறிக் கை மாறி நடக்கிற வேலை. மண்டியைத் தூக்கி வெளியே வைக்கலாம். இந்தச் சந்துகளை எப்படித் தூக்குவது? அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே வீட்டில் கொலுசு கோர்க்கிற அக்காக்கள் தினமும் பஸ் ஏறிப் போனால் கூலியில் என்ன மிஞ்சும்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

லாரி வந்து போகிற நேரத்தைக் கண்டிப்பாகப் பார்க்கட்டும். சாக்கடையை மூடட்டும். பட்டறைகளில் புகை வெளியே போக வழி பண்ணட்டும். முதலில் இதைக் கேட்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி